பெயர்ப் பலகையைப் பார்த்து ஏமாறாதே, தம்பி!

சென்ற வாரம், மாலை நேரத்தில், தோழர்கள் நடத்தும் படிப்பகம் ஒன்றுக்குப் போயிருந்தேன். ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருந்த பெரியவர்களுக்கு நடுவே எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தான். ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகன். "முடியாட்சி, பிரபுக்களாட்சி, சர்வாதிகாரம், மக்களாட்சி" என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தான். ஒப்பித்து முடித்ததும் கேட்டான்:

"மாமா! இங்கிலாந்தில் மன்னர் இருக்கிறார். ஆனால் தேர்தலும் நடக்கிறது. வட கொரியாவின் பெயரிலே ஜனநாயகமும் இருக்கிறது, குடியரசும் இருக்கிறது; ஆனால் தாத்தா, அவர் மகன், பேரன் என்று ஒரே குடும்பம் ஆள்கிறதாமே! எது முடியாட்சி, எது மக்களாட்சி? அப்பாவைக் கேட்டேன். வாத்தியாரைப் போய்க் கேள் என்று சொல்லிவிட்டார்."

தோழர்களே! அந்தத் தந்தையைக் குறை கூற நான் வரவில்லை. எட்டு மணி நேரம் இயந்திரத்தோடு மல்லாடிவிட்டு வருபவர் அவர். ஆனால், ஆட்சியைப் பற்றிய விளக்கம் வாத்தியாரிடம் மட்டும்தான் இருக்கிறது என்று நாம் ஒதுங்கிவிடலாமா? வரி கொடுப்பவர் யார்? வாக்குப் போடுபவர் யார்? ஆட்சி கெட்டால் அடிபடுபவர் யார்? நாம் அல்லவா! நாம் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

அந்தச் சிறுவனிடம் நான் சொன்னது இதுதான். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

தம்பி, பெயர்ப் பலகையை மட்டும் பார்த்துச் சரக்கை வாங்காதே. மூன்று கேள்வி கேள். ஆள்பவர் எந்த வழியாக வந்தார்? அவரையும் கட்டுப்படுத்தும் சட்டம் உண்டா? அவர் வேண்டாம் என்றால், இரத்தம் சிந்தாமல் அவரை அனுப்பிவைக்க வழி உண்டா?

பிரான்சைப் பார். 14-ஆம் லூயி 1643-இல் அரியணை ஏறியபோது அவருக்கு வயது நான்கு! 1715 வரை, 72 ஆண்டுகள், அவரே மன்னர். வந்த வழி பிறப்பு; போகும் வழி இறப்பு. நடுவிலே கேட்பார் இல்லை. பிரபுக்களும் குருமார்களும் பல வரிகளிலிருந்து தப்பித்துக்கொண்டார்கள். உழவன் முதுகிலே சுமை ஏறியது. அனுப்பிவைக்க வழியில்லாத ஆட்சியை மக்கள் என்ன செய்வார்கள்? 1789-இல் புரட்சி வெடித்தது. 1793-இல் 16-ஆம் லூயியின் தலை உருண்டது. கதவு வைக்காத வீட்டிலே சுவர்தான் இடியும்!

இங்கிலாந்துக்கு வா. அங்கேயும் 1649-இல் ஒரு மன்னரின் தலை வெட்டப்பட்டது. பிறகு மன்னர்கள் திரும்பினார்கள். ஆனால் 1689-இல் உரிமைச் சட்டம் வந்தது. பாராளுமன்றம் சம்மதிக்காமல் வரி போடக் கூடாது என்றது. முடி தலையிலே இருந்தது. அதிகாரம் மெல்ல மெல்லச் சபைக்குப் போயிற்று.

சபை யாருடையது? அதைக் கேட்க மறக்காதே! நிலப்பிரபுக்களுடையது. 1832-இல் சீர்திருத்தம் செய்தபோதுகூடப் பாட்டாளிக்கு வாக்கு இல்லை. இங்கிலாந்துத் தொழிலாளர்கள் 1838-இல் மக்கள் சாசனம் எழுதினார்கள். 1842-இல் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சபை தள்ளுபடி செய்தது. சோர்ந்தார்களா? இல்லை. வயது வந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்குக் கிடைத்தது 1918-இல். பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான வாக்குக் கிடைத்தது 1928-இல். வாக்குச்சீட்டு யாரோ தந்த தருமம் அல்ல, தம்பி. கேட்டுக் கேட்டு வாங்கியது!

"அப்படியானால் தேர்தல் நடந்தால் போதுமா, மாமா?" என்றான் சிறுவன்.

போதாது. ஜெர்மனியைப் பார். 1933 ஜனவரி 30-இல் இட்லர் பிரதமரானது சட்டப்படிதான். ஆனால் ஏறியதும் ஏணியை உதைத்தான். மார்ச்சிலே, சபையைக் கேளாமலே சட்டம் செய்யும் அதிகாரத்தைச் சபையிடமே வாங்கிக்கொண்டான். ஆதரவு 444, எதிர்ப்பு 94. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் சிறையிலோ தலைமறைவிலோ இருந்தார்கள். மே 2-ஆம் நாள் தொழிற்சங்க அலுவலகங்கள் பறிக்கப்பட்டன. ஜூலையிலே மற்றக் கட்சிகள் எல்லாம் தடை செய்யப்பட்டன. ஆறே மாதம்! அவனை அகற்ற உலகப் போர் தேவைப்பட்டது. கோடிக்கணக்கான உயிர்கள் போயின.

கவனியுங்கள் தோழர்களே, சர்வாதிகாரி முதலில் கை வைத்த இடங்களில் தொழிற்சங்கம் ஒன்று. ஏன்? எதிர்த்துக் கேட்கப் பழகியவன் தொழிலாளி அல்லவா!

நமது நாடு? வெள்ளையன் காலத்திலே சொத்தும் வரியும் படிப்பும் உள்ளவர்க்கே வாக்கு. 1950-இல் அரசியல் சட்டம் வந்தது. 21 வயதான ஒவ்வொருவருக்கும் வாக்கு என்றது. 1951-52 தேர்தலில் வாக்காளர்கள் 17 கோடிக்கு மேல்! எழுதத் தெரியாத தாயும் ஆலை முதலாளியும் ஒரே வரிசையிலே நின்றார்கள். இன்று 18 வயதிலேயே வாக்கு.

இங்கேயும் இருள் சூழ்ந்தது. 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. தலைவர்கள் சிறையிலே, ஏடுகளுக்குத் தணிக்கை, பாராளுமன்றத்தின் ஆயுளும் நீட்டப்பட்டது. ஆனால் 1977 மார்ச்சில் தேர்தல் நடந்தபோது, மக்கள் ஆளுங்கட்சியை அனுப்பிவைத்தார்கள். பிரதமரே தம் தொகுதியில் தோற்றார். துப்பாக்கி இல்லை, கில்லட்டின் இல்லை. ஒரு சிறு சீட்டு, ஒரு முத்திரை! அதுதான் மக்களாட்சி.

சிறுவன் சற்று நேரம் யோசித்தான். பிறகு மெல்லக் கேட்டான்: "இந்தப் படிப்பகத்துச் செயலாளர் எப்படி வந்தார், மாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை. "தேர்தலில்தான் வந்தேன், தம்பி. ஆனால் அது நடந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன" என்றார். சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்தார். "வருகிற ஞாயிறு பொதுக்குழுவைக் கூட்டிவிடுவோம்" என்றார்.

பாடம் புரிந்துவிட்டது, தோழர்களே! பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அவர்கள் நம்மையே கேட்டாலும் கோபித்துக்கொள்ளாதீர்கள்!