ஐந்து பேரை நான்கு பேர் வென்றால்: ஒரு சூப்பர் போல் கணக்கு

அமெரிக்கன் ஃபுட்பால்ல பெரிய ஆட்டம் வருதுன்னா, முன்னோட்டக் கட்டுரைகள் பெரும்பாலும் இரண்டு குவார்ட்டர்பேக்குகளை எதிரெதிரே நிறுத்தித்தான் ஆரம்பிக்கும். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 2021 பிப்ரவரி 7 அன்று நடந்த சூப்பர் போலுக்கு முன்னால், கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் சுலபமாக ஜெயிக்கும் என்று நண்பரிடம் அடித்துச் சொன்னேன். டாம்பா பே பக்கனியர்ஸிடம் 31-9 என்று தோற்றார்கள். என் கணக்கு எங்கே தப்பியது என்று பிறகு உட்கார்ந்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அதே சீசனில், 2020 நவம்பர் 29 அன்று, இதே இரண்டு அணிகளும் இதே டாம்பா மைதானத்தில் மோதின. சீஃப்ஸ் 27-24 என்று வென்றது. டைரீக் ஹில் முதல் கால்பகுதியில் மட்டும் 203 யார்டு எடுத்தார். அவரை கார்ல்டன் டேவிஸ் பல முறை தனியாளாகவே மறிக்க வேண்டியிருந்தது. அந்த வேகத்தை ஒருவரால் பிடிக்க முடியாது. பேட்ரிக் மஹோம்ஸ் எறிகிறார், ஹில் ஓடுகிறார், வேற என்ன வேணும்?

இங்கேதான் ஒரு சின்னக் கூட்டல் கழித்தல் இருக்கு. இரண்டு பக்கமும் 11 பேர். பந்து வைத்திருக்கும் அணியில் குவார்ட்டர்பேக் ஒருவர், அவருக்கு முன்னால் சுவர் மாதிரி ஐந்து லைன்மேன்கள், பந்தைப் பிடிக்கக்கூடியவர்கள் ஐந்து பேர். தடுக்கும் அணி நான்கு பேரைக் குவார்ட்டர்பேக் மேல் பாய அனுப்பினால், அந்த ஐந்து பேரைக் கவனிக்க ஏழு பேர் மிச்சம். ஆறு பேரை அனுப்பினால் மிச்சம் ஐந்தே பேர், ஆளுக்கு ஆள். அதிகம் பேரை அனுப்புவதற்குப் பெயர் பிளிட்ஸ். சீக்கிரம் நெருக்கலாம், ஆனால் பின்னால் காலியாகிவிடும். மஹோம்ஸ் அந்தக் காலி இடத்துக்காகவே காத்திருப்பவர்.

அதனால ஆட்டத்துக்கு முன்னாடி கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: பிளிட்ஸ் இல்லாமல், நான்கே பேரால் அந்த ஐந்து பேரை வெல்ல முடியுமா?

நவம்பரில் சந்தேகம்தான். பிப்ரவரியில் நிலைமையே வேறு. வலது டேக்கிள் மிட்செல் ஷ்வார்ட்ஸ் அக்டோபரிலிருந்தே முதுகு வலியால் ஆடவில்லை. வலது கார்டு லோரன் டுவர்னே-டார்டிஃப் மருத்துவர். கொரோனா காலத்தில் நோயாளிகளைக் கவனிக்க அந்த சீசனையே விட்டுக்கொடுத்தவர். ஜனவரி 24 அன்று பஃபலோவுக்கு எதிரான அரையிறுதியில், இடது டேக்கிள் எரிக் ஃபிஷருக்குக் குதிகால் நரம்பு அறுந்தது. வலது கையால் எறியும் மஹோம்ஸின் முதுகுப் பக்கத்தைக் காத்தவர் அவர்தான்.

மைக் ரெம்மர்ஸை வலதிலிருந்து இடதுக்கு மாற்றினார்கள். கார்டாக இருந்த ஆண்ட்ரூ வைலி வலது டேக்கிள் ஆனார். முந்தைய ஆண்டு கோப்பை வென்ற ஐவரில் அதே இடத்தில் நின்றவர் சென்டர் ஆஸ்டின் ரைட்டர் ஒருவர்தான். எதிரே ஓரங்களில் ஷாக் பாரெட், ஜேசன் பியர்-பால். நடுவில் சூ, அக்டோபரில் கால் முறிந்து அப்போதுதான் திரும்பியிருந்த வீட்டா வியா.

இந்தச் செய்தி எல்லாமே எனக்கு முன்பே தெரியும். ஆனால் "மஹோம்ஸ் சமாளிச்சுடுவார்" என்று தாண்டிப் போனேன். பேட்ஸ்மேன் பெயரைப் பார்த்துவிட்டு பிட்ச்சைப் பார்க்காமல் விட்ட கதைதான்.

டாம்பாவின் தடுப்புப் பயிற்சியாளர் டாட் போல்ஸ் அதைப் பார்த்தார். பிளிட்ஸ் பிரியர் அவர். அன்றைக்கு மட்டும் அதைக் கிட்டத்தட்ட மூட்டை கட்டி வைத்துவிட்டார். நான்கு பேரை அனுப்பினார். இரண்டு சேஃப்டிகளை ஆழத்தில் நிறுத்தி ஹில்லின் நீண்ட ஓட்டத்துக்குக் கூரை போட்டார். டிராவிஸ் கெல்ஸி குறுகிய தூரத்தில் 133 யார்டு எடுத்தார், எடுக்கட்டும் என்று விட்டார்கள். நவம்பரில் 269 யார்டு எடுத்த ஹில்லுக்கு 73தான்.

மஹோம்ஸ் 29 முறை நெருக்கப்பட்டார். கால்விரல் காயத்தோடு, எறிவதற்கு முன் அவர் ஓடிய மொத்தத் தூரம் 497 யார்டு என்று கணக்கிட்டார்கள். கடைசிக் கால்பகுதியில் தரைக்கு இணையாக விழுந்துகொண்டே ஒரு பந்தை எறிந்தார். அது சக வீரரின் முகக்கவசத்தில் பட்டுக் கீழே விழுந்தது. சீஃப்ஸ் ஒரு டச் டவுன்கூட எடுக்கவில்லை.

அடுத்த சீசன் தொடங்கியபோது ஐந்து இடங்களிலும் புது ஆட்கள். வைலி அணியிலேயே தங்கி, மறுபடி வலது டேக்கிள் இடத்தைப் பிடித்தார். 2023 பிப்ரவரி சூப்பர் போலில் எதிரே பிலடெல்ஃபியா ஈகிள்ஸ். அந்த சீசனில் 70 முறை குவார்ட்டர்பேக்கைக் கீழே தள்ளிய அணி. அன்று மஹோம்ஸை ஒருமுறைகூடத் தள்ள முடியவில்லை. மைதானம் வழுக்கியதும் ஒரு காரணம்தான். சீஃப்ஸ் 38-35 என்று வென்றது.

இப்போதெல்லாம் ஆட்டத்துக்கு முன் காயப் பட்டியலில் நான் முதலில் தேடுவது குவார்ட்டர்பேக்கை இல்லை. அந்த ஐந்து பேர் யார், அவரவர் இடத்தில்தான் நிற்கிறார்களா என்று பார்க்கிறேன். கணிப்பு அப்புறம்தான்.