மாமா காரில் பழகப் போகிறீர்களா?

"மாமா, உங்க ஆல்ட்டோவை எடுத்து நான் கொஞ்சம் பழகிக்கிறேனே?"

"அதுக்கென்ன தாயி, எடுத்துக்க. பார்த்து ஓட்டு."

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்க்கிறாள். "ஏன்டா தம்பி, இன்ஷூரன்ஸ் உன் பேர்லதானே இருக்கு? இவ ஓட்டி ஏதாச்சும் ஆயிட்டா?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா!"

நரிக்குடியில் மட்டுமா? திருச்சுழி, வீரசோழன், அருப்புக்கோட்டை என்று எந்த ஊர் வீட்டிலும் இந்தப் பேச்சு இப்படித்தான் முடிகிறது. டிரைவிங் ஸ்கூலில் பத்து நாள் ஓட்டினாலும் கை படிவதற்கு மாமா காரோ சித்தப்பா காரோதான் வேண்டியிருக்கிறது. அக்கா கேட்டது நியாயமான கேள்வி. தம்பி சொன்னது பதிலே இல்லை.

சரி, பதில் என்ன? நம் நாட்டில் மோட்டார் இன்ஷூரன்ஸ் காரோடு போகிறது. ஓட்டுகிற ஆளோடு அல்ல. மாமாவின் பாலிசியை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். 'ஓட்டுநர்' என்று ஒரு பகுதி இருக்கும். செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யாரும் ஓட்டலாம். பழகுநர் லைசென்ஸ் உள்ளவரும் ஓட்டலாம், ஆனால் 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 3-வது விதிக்கு உட்பட்டு ஓட்டவேண்டும் என்று அங்கே இருக்கும். பொடி எழுத்துதான். கண்ணாடி போட்டுக்கொண்டாவது படித்துவிடுங்கள்.

லண்டனில் இருக்கும் உங்கள் நாத்தனார் மகள் வேறு கதை சொல்வாள். அங்கே பாலிசியில் யார் யார் ஓட்டலாம் என்று பெயர் எழுதியிருக்கும். பழகுகிறவர் பெயரைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் அவரே சில வாரங்களுக்குத் தனியாக ஒரு பாலிசி எடுக்க வேண்டும். பக்கத்தில் உட்காருகிறவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும், லைசென்ஸ் வாங்கி 3 வருடமும் ஆகியிருக்க வேண்டும். இங்கே அந்தத் தனிப் பாலிசியும் தேவையில்லை, பெயர் சேர்ப்பும் தேவையில்லை. அதனாலேயே நாம் அலட்சியமாக இருந்துவிடுகிறோம்.

அந்த 3-வது விதி

மூன்று விஷயம்தான். கையில் காலாவதியாகாத எல்.எல்.ஆர். இருக்க வேண்டும். அதன் ஆயுள் 6 மாதம். 30 நாள் கழிந்ததும் டெஸ்ட்டுக்குப் போகலாம். 'இன்னும் கொஞ்சம் பழகிட்டுப் போவோம்' என்று தள்ளித் தள்ளியே எல்.எல்.ஆர். செத்துப் போனது தெரியாமல் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது, காரின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்'. பலகை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக்கூடாது. எழுத்து 10 சென்டிமீட்டர் உயரமாவது இருக்க வேண்டும். நோட்டுத் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டுவது எந்தக் கணக்கிலும் சேராது.

மூன்றாவதுதான் முக்கியம். அந்த வண்டியை ஓட்ட லைசென்ஸ் உள்ள ஒருவர், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதாவது பக்கத்து சீட்டில், ஹேண்ட் பிரேக் எட்டுகிற தூரத்தில். பின் சீட்டில் சாய்ந்துகொண்டு போன் பேசுகிற மாமா கணக்கில் வரமாட்டார். பைக் லைசென்ஸ் மட்டும் வைத்திருக்கும் மச்சானும் வரமாட்டார்.

"ரோட்டுல எங்க ஓட்டுறோம்? வத்திப்போன கண்மாய்க்குள்ளதானே ஓட்டுறோம்" என்பார்கள். பொதுமக்கள் போய்வர உரிமையுள்ள எந்த இடமும் சட்டத்தின் பார்வையில் பொது இடம். கருவேலங்காட்டு ஓரம் ஆடு மேய்க்கிறவர் நடந்துபோகும் பாதையை நம் வீட்டு வாசல் என்று நினைத்துவிடாதீர்கள்.

மீறினால் யார் தலையில்?

பழகுநர் ஓட்டினார் என்ற ஒரே காரணத்துக்காக, அடிபட்டவருக்குக் கொடுக்க மாட்டோம் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க முடியாது. எல்.எல்.ஆரும் லைசென்ஸ்தான் என்று நேஷனல் இன்ஷூரன்ஸ் - ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. உயிருக்கும் காயத்துக்கும் தீர்ப்பாயம் நிர்ணயிக்கும் தொகை கிடைக்கும். அடுத்தவர் சுவர், பெட்டிக்கடைக் கூரை, ஆடு என்று பொருள் சேதமானால் வழக்கமான கார் பாலிசியில் ஏழரை லட்சம் ரூபாய் வரை உண்டு. (ஓர் ஆட்டுக்காகத் தீர்ப்பாயம் வரை யார் போகப் போகிறார்கள்? அங்கேயே பேசி விலையைக் கொடுத்துவிடுவார்கள்.)

ஆனால் எல்.எல்.ஆர். இல்லை, பக்கத்தில் ஆளும் இல்லை, அது தெரிந்தே மாமா சாவியைக் கொடுத்தார் என்றால்? கம்பெனி அடிபட்டவருக்கு முதலில் பணம் கட்டும்படியும், பிறகு அதை மாமாவிடம் வசூலித்துக்கொள்ளும்படியும் உத்தரவு வரலாம். ஓட்டியது நீங்கள், வில்லங்கம் மாமாவின் நிலத்துக்கு! பாசத்தில் கொடுத்த சாவிக்கு அவர் வருடக்கணக்கில் கோர்ட் படி ஏற வேண்டியிருக்கும். 18 வயது நிரம்பாத பையனிடம் கொடுத்தால் இன்னும் மோசம். 2019-இல் வந்த திருத்தப்படி பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம்.

காருக்கு ஆகும் சேதத்தையும் பார்த்துவிடுவோம். 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸை 3 வருடத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்று ஆனது. காரின் சொந்தச் சேதத்துக்குப் பெரும்பாலும் ஒரு வருடம்தான் எடுத்திருப்பார்கள். 'மூணு வருஷத்துக்குக் கட்டியாச்சு' என்று மாமா நிம்மதியாக இருப்பார். இரண்டாம் வருடம் நீங்கள் கதவை இடித்தால் சல்லிக்காசு வராது. அந்தப் பகுதி உயிரோடு இருந்தாலும், நீங்கள் செய்யும் ஒரு க்ளெய்மால் அவர் ஐந்து வருடம் சேர்த்து வைத்த 50 சதவீத போனஸ் தள்ளுபடி போய்விடும். சின்னக் கீறலுக்கு நீங்களே பட்டறையில் பணம் கட்டிவிடுவது உறவுக்கும் நல்லது.

பழைய கார் என்றால் ஆர்.சி. புத்தகம் யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். மதுரையில் வாங்கி ஒரு வருடமாகியும் பெயர் மாற்றாத கார்கள் நம் பக்கம் எத்தனையோ ஓடுகின்றன.

உங்களுக்கு அடிபட்டால்?

இதை யாரும் யோசிப்பதில்லை. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் என்பது அடுத்தவருக்கானது. இரவல் வண்டியை ஓட்டுகிறவர் அந்த நேரத்துக்கு உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார் என்பது சட்டம். கர்நாடகத்தில் ஒருவர் இரவல் பைக்கில் போய், முன்னால் போன மாட்டுவண்டியில் மோதி இறந்துவிட்டார். தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே இழப்பீடு கேட்கும் பிரிவில் அவர் மனைவி கோர்ட்டுக்குப் போனார். அவர் கணவர் உரிமையாளரின் இடத்தில் இருந்ததால் அந்தப் பிரிவில் கேட்க முடியாது என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாலிசியில் இருக்கும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பும் உரிமையாளருக்குத்தான், மருமகளுக்கு அல்ல. கூடுதல் பிரீமியம் கட்டிப் பெயர் குறிப்பிட்ட ஆளையும் அதில் சேர்க்கலாம். மாமாவின் ஏஜென்ட்டிடம் கேளுங்கள், அந்தப் பணத்தை நீங்களே கொடுங்கள்.

இன்னொரு விஷயம், எல்.எல்.ஆருக்கு நாமே எழுதிக் கொடுக்கும் 1-ஆம் நம்பர் படிவம். வலிப்பு உண்டா, திடீர் மயக்கமோ கிறுகிறுப்போ வருமா, 25 மீட்டர் தூரத்தில் நம்பர் பிளேட் தெரிகிறதா என்று கேட்டிருப்பார்கள். ஏஜென்ட் எல்லாவற்றுக்கும் அவரே டிக் அடித்துவிடுவார். விடாதீர்கள். சின்ன வயதில் வலிப்பு வந்திருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டே கையெழுத்துப் போடுங்கள். மறைத்தது பிறகு தெரிந்தால் லைசென்ஸே ஆட்டம் காணும். அதை நம்பி நிற்கிற க்ளெய்மும்தான். சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்கள் காலையில் வெறும் வயிற்றோடு பழகப் போக வேண்டாம். சளி மாத்திரை போட்ட அன்று காரைத் தொடவே வேண்டாம்.

விபத்து ஆகிவிட்டால், முதலில் 108. தமிழ்நாட்டில் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சைக்கு, 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது. அதில் சேர்ந்த ஆஸ்பத்திரி அரசோ தனியாரோ, திட்டத்தின் வரம்புக்குள் பணம் கேட்க மாட்டார்கள். பிறகு போலீஸுக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். "நீ இறங்கிக்க தாயி, நான் ஓட்டினேன்னு சொல்லிக்கிறேன்" என்று மாமா முன்வருவார். அவர் மனசு பெரிதுதான். ஆனால் விதிப்படி ஓட்டியிருந்தால் உங்கள் க்ளெய்ம் உயிரோடு இருக்கும். அவர் சொல்லும் பொய் அதையும் கெடுத்து, இரண்டு பேரையும் வழக்கில் மாட்டிவிடும்.

கடைசியாக, 20 ரூபாய் சமாசாரம். வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயதுக்காரர்கள் பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனாவில் சேரலாம். விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம். கார் யாருடையதாக இருந்தாலும் சரி. 2022 ஜூன் முதல் வருடத்துக்கு 20 ரூபாய். காப்பு மே 31-ஆம் தேதியோடு முடிவதால், அந்த வாரம் உங்கள் கணக்கில் 20 ரூபாய் இருக்கிறதா என்று ஒருமுறை பாஸ் புத்தகத்தைப் பதிந்து பார்த்துவிடுங்கள்.