மலை வலமும் சுக்கு காப்பியும்



கடல் கடந்து வேலூருக்கும் சென்னைக்கும் படிக்க வரும் மாணவர்களுக்குச் சனி, ஞாயிறு விடுமுறையில் போய்வரத் தோதான ஊர் திருவண்ணாமலை. வேலூரிலிருந்து பேருந்தில் ஏறக்குறைய 2 மணி நேரம். சென்னை கடற்கரை–வேலூர் ரயிலும் 2024 மே முதல் இங்குவரை வருகிறது.

இங்குள்ள சிவன் கோயிலின் 11 நிலை, 217 அடி ராஜகோபுரத்தைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பினால் பாதி ஊரைத்தான் பார்த்ததாகக் கணக்கு. மீதி, மலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில். இந்திர லிங்கம் முதல் ஈசானிய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள், நடுநடுவே தின்பண்டம்! ஆவி பறக்கும் மூலிகை சூப், மாங்காய்த் துருவல் தூவிய சுண்டல், அவித்த வேர்க்கடலை, நள்ளிரவில் தொண்டையைச் சுரீரென்று எழுப்பும் சுக்கு காப்பி. தை மாதமென்றால் பனங்கிழங்கு. பீட்சாவும் கிடைக்கும்தான்; அதற்கு ஏன் இவ்வளவு தூரம் வரவேண்டும்? கையில் காசு குறைந்தால் கோயில் அன்னதானம் இருக்கிறது.

வெயில் காலத்தில் தார்ச்சாலை வெறுங்காலைப் பொசுக்கிவிடும். விடியுமுன் நடையைத் தொடங்குங்கள். பௌர்ணமிக்கு வருவதானால் தங்குமிடத்தை முன்கூட்டியே பேசி வையுங்கள். அன்று லட்சக்கணக்கில் கூட்டம்!