தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே இருபது ஆண்டுகள்

1927 நவம்பரில் சென்னை மாகாணச் சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். கோயில்களில் சிறுமிகளுக்குப் பொட்டுக்கட்டித் தேவதாசிகளாக்கும் வழக்கத்தை நிறுத்த அரசு சட்டம் இயற்ற வேண்டும் என்பது அதன் சாரம். சபை ஏற்றுக்கொண்டது. தடைச் சட்டம் வந்ததோ 1947-ல். நடுவில் போன இருபது ஆண்டுகளைப் பின்தொடர்ந்தால், ஒரு மசோதா எங்கெங்கே மாட்டிக்கொள்ளும் என்பது நன்றாக விளங்கும்.

முத்துலட்சுமி புதுக்கோட்டைக்காரர். 1886-ல் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டுமே படித்துவந்த அந்தக் கல்லூரியில் இந்தப் பெண்ணுக்கு இடம் கிடைக்க மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானே தலையிட வேண்டியிருந்தது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும் கர்ப்பிணிகளுக்கு மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் பெயராக அவரைத் தெரியும். மற்றவர்களுக்கு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நிறுவியவராக. சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத் தலைவராகவும் இருந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

தீர்மானம் என்பது சபை தெரிவிக்கும் விருப்பம், அவ்வளவுதான். அரசு அதைக் கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. மசோதா அப்படியல்ல. அறிமுகம், பொது விவாதம், தெரிவுக்குழு, பிரிவு பிரிவாக ஆய்வு, வாக்கெடுப்பு, கடைசியாக ஒப்புதல் என்று எல்லாம் தாண்டினால் அது எல்லோரையும் கட்டுப்படுத்தும் சட்டம். 1927-ல் கிடைத்த வெற்றி முதல் வகை. கைதட்டல் கிடைத்தது, பொட்டுக்கட்டு நிற்கவில்லை.

அதன்பின் அவர் செய்ததுதான், என் பார்வையில், அவருடைய சட்டசபை வாழ்க்கையிலேயே கெட்டிக்காரத்தனமான காரியம். தடையைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, ஏற்கெனவே இருந்த இந்து அறநிலையச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார். கோயிலில் ஆடிப்பாடும் ஊழியத்துக்கு ஈடாகத் தேவதாசிக் குடும்பங்கள் இனாம் நிலம் அனுபவித்துவந்தன. ஊழியம் நின்றால் நிலம் போய்விடும். அதனால் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பெண்ணுக்குப் பொட்டுக்கட்டியே தீர வேண்டிய நெருக்கடி. மதம், மரபு என்று மேடையில் எவ்வளவு பேசினாலும், வீட்டுக்குள் இருந்த கணக்கு நிலக் கணக்கு. 1929-ல் சட்டமான அந்தத் திருத்தம் ஊழியத்தையும் நிலத்தையும் பிரித்தது: தீர்வையைக் கட்டிவிட்டு, ஊழியம் செய்யாமலே நிலத்தை வைத்துக்கொள்ளலாம். யாருடைய வாழ்க்கை மாற வேண்டுமோ அவர்கள் கையில் முதலில் சொத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு தடையைப் பற்றிப் பேசிய சீர்திருத்தக்காரர்கள் நம் வரலாற்றில் அதிகம் பேர் இல்லை.

1930-ல் தடை மசோதாவையே கொண்டுவந்தார். அது கருத்தறியச் சுற்றுக்கு விடப்பட்டது. கேட்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு மசோதாவை யாரும் எதிர்த்து வாக்களிக்காமலேயே கிடப்பில் போட இதைவிட மரியாதையான வழி கிடையாது. அதே ஆண்டு காந்தி கைதானதைக் கண்டித்து முத்துலட்சுமி பதவியைத் துறந்தார். கொண்டுவந்தவர் சபையில் இல்லை. மசோதாவை நகர்த்தவும் ஆள் இல்லை.

எதிரணியில் ஓங்கி ஒலித்த குரல் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியுடையது. அவரும் புதுக்கோட்டைச் சீமைதான், திருமயத்தில் பிறந்தவர். சமூக வழக்கத்தைச் சட்டத்தால் மாற்றுவதில் அவருக்கு உடன்பாடில்லை. கோயில் கலை அழிந்துவிடும் என்ற கவலையும் இருந்தது. ஆங்கில ஆட்சியை எதிர்த்த தேசியவாதி சட்டம் வேண்டாம் என்றார். ஆங்கிலேயர் நியமித்த உறுப்பினர் வேண்டும் என்றார். அக்காலச் சட்டசபையில் கோடுகள் நாம் நினைக்கும் இடத்தில் ஓடவில்லை.

சபைக்கு வெளியே மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பொட்டுக்கட்டுக்கு எதிராக ஊர் ஊராகப் பேசினார். 1936-ல் இதையே நாவலாகவும் எழுதினார். 1937-ல் காங்கிரஸ் ஆட்சிக்கு வந்து 1939-ல் விலகியது. தடைச் சட்டம் வரவில்லை. 1947-ல், ஓமந்தூரார் ஆட்சியில்தான் பொட்டுக்கட்டுத் தடைச் சட்டம் நிறைவேறியது. வேடிக்கை என்னவென்றால், அப்போது புதுக்கோட்டை தனி சமஸ்தானம். சென்னைச் சட்டசபையின் அதிகாரம் அங்கே செல்லாது. 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்து, திருச்சி மாவட்டத்தோடு சேர்ந்த பிறகுதான் முத்துலட்சுமியின் ஊர் சென்னை மாகாணத்துக்குள் வந்தது.

முத்துலட்சுமியைப் போல, இன்றைய நாடாளுமன்றத்திலும் அமைச்சர் அல்லாத உறுப்பினர் மசோதா கொண்டுவரலாம். அதற்கு ஒதுக்கப்பட்டிருப்பது கூட்டத்தொடரின் வெள்ளிக்கிழமைப் பிற்பகல்களில் இரண்டரை மணி நேரம், பாதிப்பேர் ஊருக்கு விமானம் பிடிக்கும் வேளை. 1952-லிருந்து இதுவரை சட்டமான தனிநபர் மசோதாக்கள் 14. கடைசியானது 1970-ல். திருநர் உரிமைக்காகத் திமுகவின் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதாவை 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை நிறைவேற்றியது. மக்களவையை அது தாண்டவில்லை. அரசு தானே வேறொரு மசோதா எழுதி 2019-ல் சட்டமாக்கியது. அதில் பல அம்சங்கள் போதாது என்று திருநர்களே தெருவில் இறங்கிப் போராடினார்கள். தனி உறுப்பினர் கதவைத் தட்டலாம், திறக்கும் சாவி அரசிடம்தான். 1927-லும் அப்படித்தான் இருந்தது.

புதுக்கோட்டைக்காரர்களுக்குக் கதவைத் தட்டுவதே கூடுதல் சிரமம். தொகுதி மறுவரையறையில் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதி காணாமல் போனது. 2009 தேர்தலிலிருந்து அந்தப் பெயரில் எம்.பி. கிடையாது. மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் நான்கு மக்களவைத் தொகுதிகளுக்குப் பிரிந்து கிடக்கின்றன. புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சியில், திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையில், அறந்தாங்கி ராமநாதபுரத்தில், விராலிமலை கரூரில். மாவட்டம் முழுவதற்கும் பொதுவான ஒரு கோரிக்கையை வெள்ளிக்கிழமைப் பட்டியலில் ஏற்ற வேண்டுமென்றால், யாரிடம் மனு கொடுப்பது என்பதையே முதலில் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும்.