தைராய்டு மாத்திரையோடு வைட்டமின் டி: எதை, எப்போது, எவ்வளவு?

வெயிலுக்குப் பஞ்சமில்லாத நாடு மலேசியா. அப்படியிருந்தும் இரத்தப் பரிசோதனையில் ‘வைட்டமின் டி குறைவு’ என்று தெரியவருகிறவர்கள் இங்கே பலர். பட்டணத்தில் அலுவலகம், தொழிற்சாலை, பேரங்காடி என்று கூரைக்கடியிலேயே பகல் கழிந்துவிடுகிறது. தோட்டத்திலும் நிலைமை பெரிதாக மாறுபடவில்லை. ரப்பர் மரம் சீவுகிறவர் விடிவதற்கு முன்பே வேலைக்காட்டுக்குப் போய், பெரும்பகுதி வேலையை மர நிழலிலேயே முடித்துவிடுகிறார். செம்பனைக் குலை வெட்டுகிறவர் முள்ளுக்கும் கொசுவுக்கும் பயந்து நீளக்கைச் சட்டை அணிகிறார். காலை 8 மணி இளவெயில் உடம்புக்கு இதமாக இருந்தாலும், தோலில் வைட்டமின் டி உருவாகத் தேவையான கதிர்கள் அதில் மிகக் குறைவு. கருநிறத் தோலுக்கோ கூடுதல் நேர வெயில் தேவை.

அதனால் மருந்தகத்தில் ஒரு போத்தல் வைட்டமின் டி வாங்கி வைத்துக்கொள்வது இப்போது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. பெரும்பாலோருக்கு இதனால் கெடுதல் இல்லை. ஆனால் வீட்டில் தைராய்டு நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர் இருந்தால், போத்தலைத் திறப்பதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

போத்தலில் வேறு என்ன இருக்கிறது?

தைராய்டு சுரப்பி குறைவாக வேலை செய்கிறவர்களுக்குக் கொடுக்கப்படும் மருந்து லெவோதைராக்சின். இது எளிதில் குழம்பிப்போகும் மருந்து. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு சாப்பிட்டால்தான் குடல் இதைச் சரியாக உறிஞ்சும்.

வைட்டமின் டி மட்டும் உள்ள மாத்திரை இந்த மருந்தை நேரடியாகத் தடுப்பதில்லை. சிக்கல், அதனோடு சேர்ந்து வரும் பொருள்களில் இருக்கிறது. ‘எலும்புக்கு’ என்று விற்கப்படும் மாத்திரைகள் பலவற்றில் வைட்டமின் டியோடு கால்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்தும் கலந்திருக்கும். எல்லாச் சத்தும் சேர்ந்த மல்டிவைட்டமினில் இரும்புச் சத்தும் இருக்கும். இந்த இரண்டும் குடலில் தைராய்டு மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. மருந்தின் ஒரு பகுதி இரத்தத்தில் சேராமலே வெளியேறிவிடுகிறது.

சிலர் தைராய்டு மாத்திரையைத் தே தாரிக், மைலோ, காப்பி ஆகியவற்றோடு விழுங்குகிறார்கள். சோயா பாலோடு சாப்பிடுகிறவர்களும் உண்டு. இவையும் மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

மருந்து சரியாகச் சேராவிட்டால் அன்றே எதுவும் தெரியாது. சில வாரங்கள் கழித்துச் சோர்வு, மலச்சிக்கல், உடல் எடை கூடுதல், முடி உதிர்தல் என்று பழைய தொல்லைகள் தலைகாட்டும். இரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். அளவு ஏறியிருக்கும். கால்சியம் சாப்பிடும் விஷயம் மருத்துவருக்குத் தெரியாவிட்டால், ‘மருந்து போதவில்லை’ என்று முடிவு செய்து தைராக்சின் அளவைக் கூட்டிக் கொடுப்பார்.

அடுத்த கட்டத்தில்தான் பெரிய ஆபத்து. போத்தல் தீர்ந்ததும் கால்சியத்தை நிறுத்திவிடுகிறோம். இப்போது கூட்டிக் கொடுத்த மருந்து முழுவதும் உடலில் சேர்கிறது. தைராக்சின் மிஞ்சிப்போனால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், தூக்கம் கெடும். வயதானவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். நாளடைவில் எலும்பும் தேயும். எலும்புக்காக வாங்கிய மாத்திரை, கடைசியில் எலும்பையே பாதிக்கும் நிலைக்குக் கொண்டுபோய் விடக்கூடும்.

ஆகவே கால்சியத்தையோ இரும்பு மாத்திரையையோ புதிதாகத் தொடங்கினாலும் நிறுத்தினாலும் கிளினிக்கில் சொல்லிவிட வேண்டும். மாற்றம் செய்து 6 முதல் 8 வாரங்களுக்குப் பிறகு இரத்தப் பரிசோதனை எடுத்தால் உண்மை நிலை தெரியும்.

நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்

• காலையில் எழுந்ததும் தைராய்டு மாத்திரை, வெறும் தண்ணீரோடு. அதற்கு 30 முதல் 60 நிமிடங்கள் கழித்துப் பசியாறலாம், தேநீர் குடிக்கலாம்.

• கால்சியம், இரும்பு, மல்டிவைட்டமின், சுண்ணாம்புச் சத்துள்ள நெஞ்செரிச்சல் மருந்து ஆகியவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் இடையே குறைந்தது 4 மணி நேரம் இருக்க வேண்டும்.

• வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. மீன் கறி, முட்டை என்று கொஞ்சம் எண்ணெய்ப் பசையுள்ள மதிய உணவோடு சாப்பிட்டால் நன்றாகச் சேரும்.

அதிகாலை 5 மணிக்கே வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்குக் காலை நேரம் ஒத்துவராமல் போகலாம். இரவுச் சாப்பாடு முடிந்து குறைந்தது 3 மணி நேரம் கழித்து, படுக்கும்போது தைராய்டு மாத்திரை சாப்பிடும் முறையும் உண்டு. மருத்துவரைக் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். எந்த நேரமானாலும் அதையே தினமும் கடைப்பிடிப்பது முக்கியம்.

கர்ப்பிணிகள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தாய்சேய் கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரையைத் தைராய்டு மாத்திரையோடு சேர்த்து விழுங்கக் கூடாது. வயிற்றிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு அளவு சரியாக இருப்பது அவசியம்.

எவ்வளவு போதும்?

பெரியவர்களுக்குப் பொதுவாக நாளொன்றுக்கு 600 ஐ.யு., முதியவர்களுக்கு 800 ஐ.யு. வைட்டமின் டி தேவை. சில லேபிள்களில் மைக்ரோகிராம் கணக்கில் போட்டிருக்கும். ஒரு மைக்ரோகிராம் என்பது 40 ஐ.யு. ஆக, 25 மைக்ரோகிராம் என்று இருந்தால் 1,000 ஐ.யு. என்று பொருள். மருத்துவர் சொல்லாமல் நாளொன்றுக்கு 4,000 ஐ.யு.வைத் தாண்டக் கூடாது. வீட்டில் இரண்டு மூன்று போத்தல்கள் இருந்தால் எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

குறைபாடு கடுமையாக உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் சில சமயம் 50,000 ஐ.யு. மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள். இது வாரம் ஒரு முறை, குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும் சாப்பிடுவதற்கு. தவறாகப் புரிந்துகொண்டு தினமும் விழுங்கினால் நஞ்சாகிவிடும். வைட்டமின் சி போல மிஞ்சியது சிறுநீரில் போய்விடாது. கொழுப்பில் தங்கி, மாதக்கணக்கில் உடலிலேயே இருக்கும். இரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

வைட்டமின் டி சாப்பிட்டால் தைராய்டு நோய் குணமாகிவிடும் என்ற பேச்சும் புலனத்தில் சுற்றுகிறது. தைராய்டு நோயாளிகள் பலரிடம் இந்தச் சத்து குறைவாக இருப்பது உண்மைதான். அதற்காகத் தைராக்சினை நிறுத்திவிட்டு வைட்டமினை நம்புவது பெரும் தவறு.

இவர்கள் தாமாகத் தொடங்கக் கூடாது

தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்கள்: நோய் கட்டுக்குள் வராத நிலையில் இவர்களுக்கு ஏற்கெனவே இரத்தத்தில் கால்சியம் கூடியிருக்க வாய்ப்புண்டு. அளவைப் பார்த்த பிறகே வைட்டமின் டி.

தைராய்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள்: தைராய்டுக்குப் பின்னால் நான்கு சிறிய பாராதைராய்டு சுரப்பிகள் உள்ளன. கால்சியத்தைக் கட்டுப்படுத்துவது இவைதான். அறுவையின்போது இவை பாதிக்கப்பட்டால் மருத்துவமனையில் கால்சிட்ரியால் அல்லது அல்ஃபாகால்சிடால் கொடுப்பார்கள். இவை வீரியம் மிக்க வைட்டமின் டி வகைகள். கடையில் விற்கும் வைட்டமின் டி3 இவற்றுக்கு மாற்று ஆகாது. உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு, தசைப்பிடிப்பு ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிறுநீரகக் கோளாறு, சிறுநீரகக் கல், காசநோய் உள்ளவர்களும், இரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதையசைட் அல்லது இதயத்துக்கு டிகாக்சின் சாப்பிடுகிறவர்களும் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

வாங்கும்போதும் பரிசோதனைக்கு முன்பும்

பதிவு பெற்ற ஊட்டச்சத்து மாத்திரையின் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்கும். இணையத்திலோ பாசார் மாலாமிலோ வாங்கினாலும், தெரிந்தவர் வீடு தேடி வந்து விற்றாலும் அதைப் பார்த்து வாங்குங்கள். ‘தைராய்டுக்கு நல்லது’ என்று விற்கும் சில மாத்திரைகளில் கடற்பாசி அயோடின் அதிகமாக இருக்கும். தைராய்டு நோயாளிகளுக்கு அது நோயைக் கிளப்பிவிடலாம்.

முடி, நகம் வளர்வதற்கான மாத்திரைகளில் உள்ள பயோட்டின், தைராய்டு பரிசோதனை முடிவையே தவறாகக் காட்டக்கூடியது. இரத்தம் எடுப்பதற்குக் குறைந்தது 2 நாள்களுக்கு முன் அதை நிறுத்த வேண்டும். அதிக அளவில் சாப்பிடுகிறவர்கள் எத்தனை நாள் என்பதைக் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

குமட்டல், வாந்தி, அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், மலச்சிக்கல், மனக்குழப்பம் ஆகியவை வைட்டமின் டி மிஞ்சியதன் அடையாளங்களாக இருக்கலாம். மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது வீட்டிலுள்ள எல்லாப் போத்தல்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ‘இது வைட்டமின்தானே’ என்று எதையும் ஒதுக்க வேண்டாம். மருந்தாளரிடம் காட்டி, எதை எந்த நேரத்தில் சாப்பிடுவது என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.