டியூக் எல்லிங்டனும் நியூபோர்ட் இசைத்தட்டும்

இசையென்பது காற்றிற் பிறந்து காற்றிலே மறைவது. அங்ஙனம் மறைவதைத் தட்டிற் பதிந்து வைக்கும் வழி மனிதனுக்குக் கிடைத்த நாள் முதலாக, அரங்கில் நேரே கேட்கும் இசைக்கும் தட்டிற் கேட்கும் இசைக்கும் உள்ள உறவு யாது என்னும் வினா எழுந்துகொண்டே இருக்கின்றது. இவ்வினாவை ஆராய விரும்புவோர்க்கு, டியூக் எல்லிங்டன் என்னும் அமெரிக்க இசைப்புலவரின் நியூபோர்ட் கச்சேரித் தட்டு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

எல்லிங்டன் 1899-ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரிற் பிறந்தவர். அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றிய ஜாஸ் இசையை, டிரம்பெட், டிராம்போன், ஸாக்ஸபோன், பியானோ, முரசு முதலிய கருவிகளுடன் ஏறக்குறைய 15 பேர் கூடி வாசிக்கும் பெருங்குழு இசையாக வளர்த்தவர்களுள் இவர் தலைசிறந்தவர். 1927-இல் நியூயார்க்கின் காட்டன் கிளப்பில் வாசிக்கத் தொடங்கிப் பெரும்புகழ் எய்தினார். ஆயினும் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மக்களின் சுவை மாறிற்று. குழுவைப் பேணும் செலவும் மிகுந்தது. பெருங்குழுக்கள் பல கலைந்தன. 57 வயதினரான எல்லிங்டனின் காலமும் முடிந்ததெனப் பலர் எண்ணினர்.

இந்நிலையில், 1956-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள், ரோட் தீவு மாகாணத்தின் கடற்கரை நகராகிய நியூபோர்ட்டில் நடந்த ஜாஸ் விழாவில் அவர் வாசித்தார். குழுவினர் சிலர் உரிய வேளையில் வந்து சேராமையால், சில உருப்படிகளோடு மேடையை விட்டிறங்கி, நள்ளிரவை அணுகும் வேளையில் மீண்டும் ஏறினார். விழாவுக்கென இயற்றிய புதிய இசையை வாசித்தார். பின்னர், தாம் 1937-இல் இயற்றிய பழைய உருப்படி ஒன்றை எடுத்தார். அதன் முற்பகுதி உரத்துத் தொடங்கிப் படிப்படியாகத் தணிவது. பிற்பகுதி மெல்லத் தொடங்கிப் படிப்படியாக ஓங்குவது. இரண்டுக்கும் இடையே பால் கொன்ஸால்வஸ் என்பவர் ஸாக்ஸபோனில் தனியே கற்பனை செய்து வாசித்தார்.

ப்ளூஸ் என்னும் இவ்வகை இசையில் 12 தாளக்கூறுகள் கொண்டது ஒரு சுற்று. கொன்ஸால்வஸ் 27 சுற்றுக்கள், அதாவது 324 தாளக்கூறுகள், இடைவிடாது வாசித்தார். கருப்புடை அணிந்த பெண்ணொருத்தி எழுந்து ஆடினாள். கூட்டம் முழுதும் எழுந்து ஆரவாரித்தது. கலகம் விளையுமோ என விழாத் தலைவர்கள் அஞ்சினர். எல்லிங்டனோ வாசிப்பை நிறுத்தாது, அதன்பின் அமைதியான இசையைத் தந்து கூட்டத்தைத் தணித்தார்.

கொலம்பியா கம்பெனியார் இக்கச்சேரியைப் பதிவு செய்தனர். 1937-இல் வழங்கிய தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிட அளவே கொள்ளும்; ஆதலின் இவ்வுருப்படி அன்று இரு பக்கங்களாகப் பிரிக்கப்பட்டது. 1948-இல் வந்த நீள்தட்டே 14 நிமிடங்களுக்கு மேற்பட்ட நியூபோர்ட் வாசிப்பை ஒரே பக்கத்தில் ஏற்க இடந்தந்தது. ஆயினும் ஓர் இடர் நேர்ந்தது. கொன்ஸால்வஸ் கம்பெனியாரின் ஒலிவாங்கியை விட்டு, ‘அமெரிக்காவின் குரல்’ வானொலியாரின் ஒலிவாங்கியை நோக்கி வாசித்துவிட்டார். எனவே தட்டில் அவர் இசை தொலைவிற் கேட்பதுபோல் மெலிந்து ஒலித்தது. மேலும், புதிய இசைக்கு ஒத்திகை போதாமையால், ஜூலை 9-இல் பதிவுக்கூடத்தில் அதை மீண்டும் வாசித்து, கைத்தட்டலையும் சேர்த்துத் தட்டில் வெளியிட்டனர். கேட்டோர் அதனையும் நியூபோர்ட் இசையென்றே நம்பினர்.

எல்லிங்டனின் தட்டுக்களுள் மிகுதியாக விற்றது இதுவே. அவர் 1974-இல் மறைந்தார். 1996-இல் வானொலியாரின் நாடா வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்திற் கண்டெடுக்கப்பட்டது. ஒரே இசையை இரு வேறு இடங்களிலிருந்து வாங்கிய இரு நாடாக்களையும் கணம் பிசகாது இணைத்து, 1999-இல் முழுக் கச்சேரியையும் வெளியிட்டனர். கொன்ஸால்வஸின் இசை 43 ஆண்டுகளுக்குப் பின் தெளிவாகக் கேட்டது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? கூடத்திற் செப்பனிட்ட இசை பிழை நீங்கியதாயினும், முதுபெரும் புலவர்க்குப் புகழை மீட்டுத் தந்தது அதுவன்று. ஒலிவாங்கி தவறியும், தம் குழுவினர் ஒருவர்க்கு இடம் விட்டுத் தாம் ஒதுங்கி நின்ற அந்நேரத்து இசையே அதனைச் செய்தது. அந்நேரத்தை மீண்டும் இயற்ற எவராலும் இயலாது. உண்மையாகக் காத்தளிப்பதொன்றே கச்சேரித் தட்டின் கடமையாம்.