கம்பெனி லாரிக்கு வரி பாக்கி: டிரைவர் தலையில் விழுமா?

இரவு இரண்டு மணி. ஓசூர் ரோடு. நாமக்கல்லில் முட்டை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி பெங்களூரு போகிறது. டிரைவருக்கு நாற்பது வயது. வண்டி அவருடையது அல்ல. ஒரு கம்பெனிக்குச் சொந்தம். அவருக்கு மாதச் சம்பளம் உண்டு. நடைக்கு இவ்வளவு என்று பேட்டாவும் உண்டு.

சாலை ஓரத்தில் டார்ச் விளக்கு ஆடுகிறது. மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் கை காட்டுகிறார். லாரி ஓரம் கட்டி நிற்கிறது.

"ஆர்.சி.யைக் கொடுப்பா."

டிரைவர் கொடுக்கிறார். இன்ஸ்பெக்டர் வண்டியின் எண்ணைச் செல்போனில் தட்டிப் பார்க்கிறார்.

"என்னப்பா, போன காலாண்டுக்கே வரி கட்டவில்லையே?"

"ஐயா, நான் சம்பளத்துக்கு ஓட்டுகிறவன். வரி எல்லாம் முதலாளி பார்த்துக்கொள்வார்."

"முதலாளி வீட்டில் தூங்குகிறார். இங்கே நிற்பது நீதானே?"

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் லாரி ஓட்டுகிறவர்களுக்கு இது புதிய காட்சி அல்ல. வரி பாக்கி வைத்தவர் ஒருவர். மாட்டிக்கொண்டவர் இன்னொருவர். "இந்தப் பணத்தை நான் கட்ட வேண்டுமோ? என் லைசென்சு போய்விடுமோ? ஜெயிலுக்குப் போக வேண்டி வருமோ?" என்று டிரைவர் கலங்குகிறார். வீட்டுக்குப் போன் செய்தால் மனைவியும் கலங்குகிறார்.

அந்தக் கலக்கம் எவ்வளவு நியாயம்? சட்டம் என்ன சொல்கிறது?

வரி யாருடைய கடன்?

வண்டி வரியைப் போடுவது மாநில அரசாங்கம். அரசியல் சட்டம் அந்த அதிகாரத்தை மாநிலங்களிடம் கொடுத்திருக்கிறது. சென்னை மாகாணமாக இருந்த காலத்தில், 1931-ம் ஆண்டில், இதற்கென்று ஒரு சட்டம் வந்தது. இப்போது தமிழ்நாட்டில் நடப்பில் இருப்பது 1974-ம் ஆண்டுச் சட்டம்.

அந்தச் சட்டப்படி வரியை முன்கூட்டியே கட்ட வேண்டும். யார் கட்ட வேண்டும்? யார் பேரில் வண்டி பதிவாகி இருக்கிறதோ, அவர் கட்ட வேண்டும். அல்லது வண்டியைத் தன் வசத்திலோ, தன் கட்டுப்பாட்டிலோ வைத்திருப்பவர் கட்ட வேண்டும்.

இந்த இரண்டாவது பகுதியைக் கேட்டதும் சில டிரைவர்களுக்கு வயிற்றில் புளி கரைகிறது. "ஸ்டீயரிங் என் கையில் இருக்கிறது. சாவி என் பையில் இருக்கிறது. அப்படியானால் வண்டி என் வசம்தானே?" என்று நினைக்கிறார்கள்.

அப்படி அல்ல. ஒரு பெரிய வீடு. வீட்டுச் சாவி வேலைக்கார அம்மாளின் இடுப்பில் தொங்குகிறது. அதற்காக வீட்டு வரி நோட்டீசு அந்த அம்மாள் பேருக்கு வருமா? வராது. எஜமானுக்காக வேலையாள் வைத்திருக்கும் பொருள், எஜமான் வசம் இருக்கும் பொருளே ஆகும். குற்றவியல் சட்டத்திலேயே இந்தக் கொள்கை இருக்கிறது. 1860-ம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டம் அப்படிச் சொன்னது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1-ந் தேதி நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அதையே சொல்கிறது.

சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவர் கையில் லாரி இருப்பதும் இந்த மாதிரிதான். முதலாளி "சேலத்துக்குப் போ" என்றால் வண்டி சேலத்துக்குப் போகிறது. "நிறுத்து" என்றால் நிற்கிறது. கட்டுப்பாடு முதலாளியிடம் இருக்கிறது. ஆகவே வரிக் கடன் கம்பெனியின் கடன்.

அப்படியானால் "வசம் வைத்திருக்கும் வேறு ஆள்" யார்? வண்டியைக் குத்தகைக்கு எடுத்துத் தன் பொறுப்பில் ஓட்டுகிறவர் அப்படிப்பட்டவர். தவணை கட்டாத வண்டியைப் பிடித்துக்கொண்டு போகும் பைனான்சு கம்பெனியும் அப்படித்தான். உத்தரப் பிரதேசத்தில் இப்படி ஒரு வழக்கு வந்தது. வண்டியைப் பிடித்துத் தன் வசம் வைத்துக்கொண்ட பைனான்சு கம்பெனி, பிடித்த நாளில் இருந்து வரி கட்டியே தீர வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2022-ல் தீர்ப்புக் கூறியது. "நாங்கள் கடன் கொடுத்தவர்கள்தானே" என்ற வாதம் எடுபடவில்லை.

டிரைவர் செய்ய வேண்டியது என்ன?

வரி கட்டும் கடன் டிரைவருக்கு இல்லை. அதற்காக அவருக்கு ஒரு கடமையும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

முதல் கடமை, நிறுத்துவது. அதிகாரி கை காட்டினால் வண்டி நிற்க வேண்டும். வரி கட்டியிருக்கிறதா என்று பார்த்து முடிக்கும் வரை நிற்க வேண்டும். வரி பாக்கி இருப்பது தெரிந்து, பயத்தில் "கியரைப் போட்டு அழுத்திவிடுவோம்" என்று ஓடுகிறவர்தான் உண்மையில் மாட்டிக்கொள்கிறார். முதலாளியின் பாக்கி முதலாளியோடு இருக்கிறது. ஓடியதோ டிரைவரின் சொந்தக் குற்றம்! அதிகாரியின் சட்டப்படியான உத்தரவை மீறினால் 2 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. முன்பு அது 500 ரூபாயாக இருந்தது. 2019-ம் ஆண்டுத் திருத்தம் அதை உயர்த்தியது.

இரண்டாவது கடமை, காகிதங்களைக் காட்டுவது. ஆர்.சி., இன்சூரன்சு, எப்.சி., பெர்மிட்டு, புகைச் சான்று, லைசென்சு எல்லாவற்றையும் கேட்டால் காட்ட வேண்டும். 2018 முதல் இவற்றைச் செல்போனிலும் காட்டலாம். கையில் ஒரு காகிதம் இல்லாவிட்டால் அதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. கேட்ட நாளில் இருந்து 15 நாளுக்குள் அதைக் காட்ட விதியில் இடம் இருக்கிறது.

லைசென்சை அதிகாரி வாங்கி வைத்துக்கொண்டால், அதற்கு ஒரு தற்காலிகச் சீட்டுக் கொடுக்க வேண்டும். டிரைவர் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். லைசென்சு டிரைவருடைய சோறு. சீட்டு இல்லாமல் அதை விட்டுவிட்டு வரக் கூடாது.

வரி பாக்கி உள்ள வண்டியை அதிகாரிகள் பிடித்து வைக்கலாம். அப்படிப் பிடித்தால் கஷ்டம் டிரைவருக்குத்தான். இரண்டு நாள் ஆனாலும் லாரிக்கு அடியில் பாய் விரித்துப் படுக்க வேண்டும். பேட்டா கரைந்துபோகும். முட்டைக்குக் காத்திருந்த வியாபாரி போன் மேல் போன் போடுவார். இந்தத் துன்பத்துக்குச் சட்டத்தில் ஒரு பிரிவும் இல்லை.

எல்லாவற்றுக்கும் முதலாளிதானா?

இங்கே ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. "வரி முதலாளி பொறுப்பு என்றால், வண்டியில் எது குறைந்தாலும் முதலாளி பொறுப்புத்தானே?" என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு.

அதிக பாரத்தை எடுத்துக்கொள்வோம். அளவுக்கு மேல் ஏற்றினால் 20 ஆயிரம் ரூபாய் அபராதம். கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2 ஆயிரம் ரூபாய். இது ஓட்டியவரையும் பிடிக்கும். ஓட்டச் சொன்னவரையும் பிடிக்கும். டிரைவர் வேறு, சொந்தக்காரர் வேறு என்றால், சொந்தக்காரருக்குத் தெரிந்தே, அல்லது அவர் உத்தரவின் பேரிலேயே பாரம் ஏற்றப்பட்டது என்று கோர்ட்டு அனுமானம் செய்துகொள்ளலாம். "டிரைவர் தானாக ஏற்றிக்கொண்டான்" என்று முதலாளி சுலபமாகத் தப்ப முடியாது. ஆனால் அதனால் டிரைவர் தப்பிவிட்டார் என்றும் சொல்ல முடியாது.

இன்சூரன்சு விஷயம் இன்னும் நுட்பமானது. இன்சூரன்சு இல்லாத வண்டியை ஓட்டுவது குற்றம். முதல் தடவைக்கு 2 ஆயிரம் ரூபாய் அபராதம்; அல்லது மூன்று மாதம் வரை ஜெயில்; அல்லது இரண்டும். ஆனால் கூலிக்கு ஓட்டும் டிரைவருக்குச் சட்டம் ஒரு சலுகை கொடுத்திருக்கிறது. இன்சூரன்சு இல்லை என்பது அவருக்குத் தெரியாமல் இருந்தால், தெரிந்துகொள்ளக் காரணமும் இல்லாமல் இருந்தால், அவர் குற்றம் செய்தவர் ஆக மாட்டார். தெரிந்தே ஓட்டினால் சலுகை கிடையாது.

தெரிந்ததா, தெரியாதா? இந்தக் கேள்வி டிரைவருக்கு முக்கியம். போலி வரி ரசீது என்று தெரிந்துகொண்டே அதை அதிகாரியிடம் நீட்டினால், அது முதலாளியின் குற்றம் மட்டும் அல்ல. நீட்டிய கைக்கும் அது குற்றம்.

ஆகவே விவரம் தெரிந்த டிரைவர்கள், சாவியை வாங்கும்போதே செல்போனில் வண்டி எண்ணைத் தட்டிப் பார்த்துவிடுகிறார்கள். பாக்கி இருந்தால் முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புகிறார்கள்: "முதலாளி, வண்டிக்கு வரி முடிந்துவிட்டது. கட்டிவிடுங்கள்." வாயால் சொன்னால் காற்றோடு போகும். எழுதி அனுப்பினால் தேதியோடு நிற்கும்.

"உன் பேரில் எழுதிக்கொள்ளலாமா?"

டிரைவர்கள் மிகவும் பயப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது சாலையில் இல்லை. முதலாளியின் ஆபீசில் இருக்கிறது.

"தம்பி, புது வண்டி எடுக்கிறேன். கடன் வாங்க என் பேரில் இடம் இல்லை. உன் பேரில் பதிவு செய்துகொள்ளலாமா? பேருக்குத்தான். எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார் முதலாளி. பத்து வருடமாகச் சோறு போடுகிறவர். எப்படி மறுப்பது? டிரைவர் கையெழுத்துப் போடுகிறார்.

அந்த நிமிடத்தில் அவர் டிரைவர் மட்டும் அல்ல. ஆர்.சி.யில் சொந்தக்காரர்! வரி நோட்டீசு அவர் வீட்டுக்கு வரும். அபராதச் சீட்டு அவர் பேருக்கு வரும். விபத்து நடந்தால் நஷ்டஈடு வழக்கிலும் அவர் பேர் இருக்கும். பதிவேட்டில் யார் பேர் இருக்கிறதோ, அவரே சொந்தக்காரர் என்று 2018-ல் ஒரு விபத்து வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. அந்த வண்டி கை மாறிக் கை மாறி நாலாவது ஆளிடம் போயிருந்தது. பதிவில் பேர் மாறவில்லை. பொறுப்பு முதல் ஆளின் தலையிலேயே நின்றது.

இதன் மறுபக்கமும் உண்டு. கம்பெனி பழைய லாரியை விற்கிறது. பல வருடம் ஓட்டிய டிரைவரே நகையை அடகு வைத்து அதை வாங்குகிறார். ஆசை நல்ல ஆசைதான். ஆனால் பழைய வரி பாக்கி வண்டியோடு சேர்ந்து வரும். வாங்கியவரிடமும் அதை வசூல் செய்ய வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பணம் கொடுப்பதற்கு முன்னால் பாக்கி இல்லை என்று பார்த்துக்கொள்ளாவிட்டால், நேற்றுவரை கம்பெனி கட்டாத வரியை இன்று அவர் கட்ட நேரும்.

சம்பளத்தில் பிடிக்கலாமா?

வரி பாக்கிக்கு அபராதம் விழுந்தது. கம்பெனி கணக்குப்பிள்ளை, "வண்டியைப் பிடித்தது நீ ஓட்டும்போதுதானே?" என்று சொல்லிச் சம்பளத்தில் கழிக்கிறார். இது செல்லுமா?

செல்லாது. சம்பளத்தில் எதை எதைப் பிடிக்கலாம் என்று 1936-ம் ஆண்டின் கூலிச் சட்டம் பட்டியல் போட்டது. அதே வழியில் 2019-ம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் பட்டியல் போட்டிருக்கிறது. வேலைக்கு வராத நாளுக்குப் பிடிக்கலாம். முன்பணத்துக்குப் பிடிக்கலாம். முதலாளி கட்ட வேண்டிய வரியைத் தொழிலாளி சம்பளத்தில் பிடிக்கலாம் என்று அந்தப் பட்டியலில் இல்லை.

ஆனால் ஒன்று. வரி கட்டுவதற்காக முதலாளி டிரைவர் கையில் பணம் கொடுத்து அனுப்பியிருந்தால் கதை வேறு. அந்தப் பணத்துக்கு டிரைவர் கணக்குக் காட்ட வேண்டும். அவருடைய கவனக்குறைவால் தொலைந்தால் பிடிக்கலாம். அப்போதும் அவர் சொல்வதைக் கேட்ட பிறகுதான் பிடிக்க வேண்டும்.

ஓசூர் ரோட்டில் டிரைவர் முதலாளிக்குப் போன் போடுகிறார். மூன்றாவது தடவை மணி அடித்த பிறகு முதலாளி எடுக்கிறார். தூக்கக் கலக்கத்தில் கோபப்படுகிறார். பிறகு கம்ப்யூட்டரைத் திறக்கிறார். வரியும் அதற்கான அபராதமும் வீட்டில் இருந்தபடியே கட்டப்படுகின்றன. ரசீது டிரைவரின் செல்போனுக்கு வருகிறது. இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார்.

மணி ஐந்தாகிவிட்டது. கிழக்கு வெளுக்கிறது. கிளீனர் பையன் முட்டை அட்டைகளின் மேல் கட்டிய கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறான். லாரி புறப்படுகிறது.